வேலூரில் வெறுங்காலோடு

ஆம்பூரில் என்னைச் சந்தித்த எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "பிரியாணி சாப்ட்டீங்களா?" என்பது முதலாவது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு, வந்திறங்கிய அன்று மதியமே உண்மையான பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவதற்கு, எங்கள் ஊர் கிள்ளானில் நாற்பது வயதுவரை சொல்லிப் பழகிய அதே பதிலைச் சொன்னேன்: "இன்னும் நேரம் வரலைங்க."

மலேசியாவில் காலணி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் தரப் பரிசோதகர். வரும் பள்ளித் தவணைக்கான கறுப்புக் காலணிகளை ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையில் தைக்கக் கொடுத்திருந்தோம். அவை கப்பலேறும் முன் பிரித்துப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டியது என் வேலை. தமிழ்நாட்டுக்கு வருவது முதல் முறை. சென்னை விமான நிலையத்தில் என் பெயரைத் தாங்கி நின்ற அட்டையில் ஊரையே அப்பா ஆக்கியிருந்தார்கள்: தேவகி கிள்ளான்.

அட்டையைப் பிடித்திருந்தவர் ஜமீல் பாய். தொழிற்சாலையின் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டிய வயது, மருதாணி பூசிய தாடி, வண்டிக்குள் மூச்சுத் திணறும் அளவுக்கு அத்தர். நெடுஞ்சாலை ஏறியதும் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க ஊர்ல பிரியாணி கெடைக்குமா மேடம்?"

"கிடைக்கும் பாய். நிறைய கடை இருக்கு."

"அது பிரியாணி இல்ல மேடம்," என்றார், எங்கள் ஊர்க் கடைகளில் ஒன்றைக்கூடப் பார்த்திராத மனிதர். "ஆம்பூர் தாண்டினா எல்லாம் சோறுதான்."

ஆம்பூரை நெருங்கும்போது தோல் பதனிடும் இடங்களிலிருந்து ஒரு வாடை வந்து முகத்தில் அறைந்தது. ஈரத் தோலும் சுண்ணாம்பும் வேறு என்னென்னவோ கலந்த வாடை. "என்ன வாசனை பாய் இது?" என்று கேட்டேன். பாய் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டி நன்றாக இழுத்துப் பார்த்தார். "எந்த வாசனை மேடம்? நான் போட்ட அத்தரா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து எனக்கும் தெரியவில்லை.

மொழி இன்னொரு வேடிக்கை. காலையில் அவரைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா பாய்?" என்பேன். எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிட்டாயா என்பதற்கு அப்படித்தான் கேட்போம். பாய் முதல் நாள் பதறிப்போனார். "பட்டினி எல்லாம் இல்ல மேடம், அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கோம்." பதிலுக்கு அவர், "இன்னா மேடம்?" என்று கேட்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார் என்று நான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் என் எதிரி ரோஸ்லின். அவர்கள் பக்கத்துத் தரப் பரிசோதகர். இருபத்தேழு வயது, வேலூரில் படித்தவள், காதில் எப்போதும் ஒரு பேனா. நான் ஒரு காலணியை எடுத்து, "தையல் வளைஞ்சிருக்கு," என்பேன். அவள் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "டாலரன்ஸ்குள்ளதான் இருக்கு மேடம்," என்பாள். அனுமதித்த விலகலுக்குள் என்று அர்த்தம். நான் ஒதுக்கும் பெட்டிக்குள் போட்டதை நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் ஒப்புதல் பெட்டிக்குள் போட்டிருப்பாள். வியாழக்கிழமை வரை நாங்கள் வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முறை மட்டும், "உங்க ஊர்ல பசங்க இவ்ளோ உத்துப் பாத்தா ஷூ போடுவாங்க?" என்று கேட்டாள். "அம்மாக்கள் பார்ப்பாங்க," என்றேன். அவள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பெட்டியைத் திறந்தாள்.

வியாழக்கிழமை மதியம் சுந்தரி அழைத்தாள்.

சுந்தரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியை. நானும் அவளும் ஒன்பது வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு அவள் "வாடகைக்கு இருக்கிற பொண்ணு". அவள் அண்ணனுக்கு நான் "வீட்டுக்கார அக்கா". இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டில் யார் யாருக்கு வாடகை தருகிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்கக் கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அவள் என்னை அடிக்கடி அழைப்பாள். சாப்பிட்டாயா என்று ஒரு அழைப்பு, என்ன சாப்பிட்டாய் என்று இன்னொன்று. "யாரு மேடம்?" என்று ஜமீல் பாய் முதல் நாளே கேட்டார். "அக்கா," என்று சொல்லிவைத்தேன்.

"தேவகி, வேலூர் உனக்குப் பக்கமா?" என்றாள் சுந்தரி.

"ஒரு மணி நேரம். ஏன்?"

"ஞாயித்துக்கிழம அங்க வானவில் நடையாம். கோட்டைக்கு எதிர்ல. போன்ல போட்டிருக்காங்க, பாருலா. நம்மள மாதிரி ஆளுங்க எல்லாம் நடக்கிறாங்களாம்."

எங்கள் ஊரில் நாங்கள் அப்படி நடக்க முடியாது. வெளிநாட்டில் நடப்பதைக் கைப்பேசியில், அதுவும் ஒலியைக் குறைத்துவைத்துப் பார்த்ததோடு சரி. "எனக்கு ஞாயித்துக்கிழம வேல இருக்கு," என்றேன்.

"என்ன வேல?"

"தூங்கணும்."

"நீ போ. ரெண்டு பேருக்கும் சேத்து நட," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குழந்தைகளிடம் வேலை செய்பவர்களிடம் எதிர்வாதம் செல்லாது.

பயம் சும்மா வரவில்லை. என் முதலாளியும் தொழிற்சாலை முதலாளியும் முப்பது வருட நண்பர்கள். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். "மேடத்தை ஒரு நிமிஷமும் தனியா விடாதே" என்று மேலாளர் ஜமீல் பாயிடம் உத்தரவு போட்டிருந்தார். பாய் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நான் சீப்பு வாங்கப் போனாலும் கூடவே வந்து, சீப்பின் பல்லை எண்ணி வாங்கித் தந்தார். வேலூர்க் கோட்டை பார்க்க வேண்டும் என்று சொன்னால் கோட்டைக்குள்ளும் வருவார், அகழிக்குள்ளும் வருவார். அவர் உள்ளே வராத ஓர் இடம் வேண்டும். வரைபடத்தில் தேடினேன். வேலூருக்குச் சற்று முன்னால், பாலாற்றங்கரையில், விரிஞ்சிபுரம் கோயில்.

"கோயிலுக்கா? தாராளமா," என்றார் பாய். "பவரான சாமின்னு சொல்வாங்க மேடம். நீங்க எவ்ளோ நேரம் வேணா கும்புடுங்க. நான் வெளிய டீக்கடைல இருக்கேன்."

சனிக்கிழமை மாலை ரோஸ்லின் மேலாளரிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்கு வர முடியாது, சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று சொன்னாள். நான் இல்லாத நாளில் பெட்டிகளை மாற்றிவைக்க அவளும் இருக்க மாட்டாள் என்று எனக்கு மகிழ்ச்சி.

ஞாயிறு காலை கோயில் வாசலில் காலணியைக் கழற்றிவைத்தேன். எங்கள் நிறுவனத்தின் சொந்தக் காலணி, நானே ஒப்புதல் கொடுத்தது. எதிரிலேயே டீக்கடை. பாய் கோபுரத்தைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குக் கையசைத்தார். என் திட்டம் எளிமையானது. ஒரு கும்பிடு, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே, பேருந்து, வேலூர், தூரத்தில் நின்று ஒரு பார்வை, மதியத்துக்குள் திரும்பி வந்து, "ரொம்பக் கூட்டம் பாய்."

மார்க்கபந்தீஸ்வரர் என்றால் வழித்துணைநாதர் என்று எழுதியிருந்தது. பயணம் போகிறவர்களுக்குக் கூட வரும் சாமி. பொய் சொல்லிவிட்டுப் பயணம் போகிறவர்களுக்கும் வருவாரா என்று எழுதியிருக்கவில்லை. அர்ச்சகர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். "ஆத்துக்காரர் பேரு?" என்றார்.

என்ன நினைத்தேனோ, நாற்பது வருடப் பழக்கத்தை மீறி, "சுந்தரி," என்றேன்.

"சுந்தரமா?"

பின்னால் ஒரு குடும்பம் மணியடித்துக்கொண்டிருந்தது. "சுந்தரி," என்றேன் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

"காதுல விழுந்துதும்மா. சுந்தரம். பேஷான பேரு." மந்திரத்தில் சுந்தரம் ஏறிவிட்டார். அவருக்கு நீண்ட ஆயுளும் உத்தியோகத்தில் உயர்வும் வேண்டிக்கொள்ளப்பட்டன. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பாலர் பள்ளியில் உயர்வு கிடைத்தால் யாருக்கு நன்றி சொல்வது என்ற கவலை மட்டும் இருந்தது.

பக்கவாட்டு வாசலைத் தாண்டியபோதுதான் காலில் சூடு உறைத்தது. காலணி முன்வாசலில் இருந்தது. முன்வாசலுக்கு நேர் எதிரே பாய் இருந்தார். பதினாறு வருடங்களாகக் காலணிகளைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்கும் நான், கால் சட்டையை லேசாகத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு வேலூர்ப் பேருந்தை நோக்கி ஓடினேன்.

பேருந்தில் உட்கார இடமில்லை. பர்தா அணிந்த இரண்டு பெண்கள் என் காலைப் பார்த்துவிட்டு உருதுவில் பேசிக்கொண்டார்கள். இந்தித் தொடர்கள் பார்த்துப் பழகிய காதுக்குப் பாதிக்கு மேல் புரிந்தது.

"மலையாளியா இருப்பாள்."

"இல்லை, சிலோன். முகத்தைப் பார்."

"செருப்பு இல்லையே?"

"ஏதாவது நேர்ச்சையா இருக்கும். பாவம். என்ன கஷ்டமோ. எழுந்து இடம் கொடு."

பெரியவள் எழுந்து என்னை வற்புறுத்தி உட்காரவைத்தாள். உண்மையைச் சொல்லி எழுந்துவிட அந்த அளவு உருது எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து வந்தேன்.

வேலூர் வெயிலைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்கள் எல்லோரும் செருப்பு அணிந்தவர்கள். இறங்கியதும் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிடலாம் என்று பார்த்தால், கண்ணில் பட்டதெல்லாம் மருந்துக் கடையும் பழக்கடையும். அதற்குள் பறைச் சத்தம் கேட்டுவிட்டது.

மாலையில் கோட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரியும் என்பதால் நடையைக் காலையிலேயே வைத்திருந்தார்கள். நூறு பேர் இருக்கலாம். நான் எதிர்ச்சாரியில் ஒரு ஜூஸ் கடையின் நிழலில் நின்று, சாத்துக்குடி ஜூஸ் குடிக்க மட்டுமே மலேசியாவிலிருந்து வந்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் பட்டுப் புடவையில் திருநங்கைகள், கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்களைப் போன்ற நிமிர்வோடு. நடுவே முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த மாணவர்கள். ஒரு பையன் முழு ஹெல்மெட்டோடு நடந்தான். வண்டி எதுவும் இல்லை. ஹெல்மெட்டின் மேல் ஒரு வானவில் ஒட்டியிருந்தது.

"இன்னா கட்சி இது?" என்று கடைக்காரரிடம் ஒருவர் கேட்டார்.

கடைக்காரர் கொடியை ஆராய்ந்தார். "எல்லா கலரும் இருக்கு. எல்லாம் ஒண்ணா சேந்துட்டாங்க போல. கூட்டணி."

"அப்போ யாரு சி.எம்.?"

கூட்டத்தின் பின்பகுதியில் தெருவின் அகலத்துக்கு ஒரு நீளமான வானவில் கொடியைப் படுக்கவைத்து, சுற்றிலும் ஆட்கள் தலைக்கு மேல் பிடித்து வந்தார்கள். கடையின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து என் பெருவிரலோடு நின்றுவிட்டது. கடைக்காரர் வாசலில் தெளித்த தண்ணீரும் காய்ந்துவிட்டது. காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். அந்தக் கொடி எதிரே வந்தது. அதற்குக் கீழே, நகர்ந்து போகும் நல்ல நிழல்.

நாற்பது வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக, நான் அந்த நடையில் சேர்ந்தது கொள்கைக்காக அல்ல. கால் சுட்டது. தெருவைத் தாண்டிக் கொடிக்குக் கீழே பாய்ந்தேன்.

கொடியின் ஓரத்தைப் பிடித்திருந்த பெண் என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, செருப்பு எங்க?" என்றாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "மேடம்?"

ரோஸ்லின். இரண்டு கன்னத்திலும் வானவில் வரைந்திருந்தாள். காதில் பேனா இல்லாததால் எனக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

"நீ நிச்சயதார்த்தத்துக்குப் போகல?" என்றேன்.

"நீங்க கோயிலுக்குப் போகல?"

"போயிட்டுத்தான் வர்றேன்."

நானும் கொடியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். "நான் சும்மா ஃப்ரெண்டுக்காக வந்தேன் மேடம்," என்றாள். "நான் நிழலுக்காக வந்தேன்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அடக்க முடியாமல் கொடியே குலுங்கும் அளவுக்குச் சிரித்தோம். பின்னால் வந்தவர்கள், "ஏய், கொடிய நேரா புடிங்க!" என்று அதட்டினார்கள்.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டேன்.

"எட்டாவது படிக்கறப்போ இருந்து தெரியும். யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு உங்ககிட்டதான்... அதுவும் உங்ககிட்ட!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பும் நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் தலைக்கு மேலிருந்த கொடியை நிமிர்ந்து பார்த்தேன்.

"இது யார் தைச்சது?"

"நான்தான். ஏன்?"

"மஞ்சளும் பச்சையும் சேர்ற எடத்துல தையல் வளைஞ்சிருக்கு."

"கொடிக்குமா மேடம் ரிஜெக்ட்?" என்று அலறினாள்.

நான் துள்ளித் துள்ளி நடப்பதைப் பார்த்து, பச்சைப் பட்டுப் புடவையில் ஒரு திருநங்கை முன்னாலிருந்து வந்து, தன் பாட்டில் தண்ணீரை என் பாதங்களில் ஊற்றினார். "எந்த ஊரு கண்ணு?" என்றார். சொன்னேன். "அவ்ளோ தூரத்துலருந்தா? எங்க ஊர பத்தி இன்னா சொல்வாங்க தெரியுமா? தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, அழகில்லாத பொம்பளைங்கன்னுவாங்க." புடவைத் தலைப்பை ஒரு சுழற்றுச் சுழற்றினார். "மொத ரெண்டு நெசம். மூணாவது, நான் வந்ததுக்கு அப்புறம் பொய்யாயிடுச்சு." பதிலுக்குக் காத்திராமல் முன்னால் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான்.

நடை முடியும் இடம் கண்ணுக்குத் தெரிந்தபோது, ரோஸ்லினின் கை கொடியை விட்டு நழுவியது. "மேடம்," என்றாள். "ஜமீல் பாய்."

கூட்டத்தின் ஓரத்தில், இரண்டு கையிலும் என் காலணிகளைத் தூக்கிப் பிடித்தபடி, பாய் ஒவ்வொரு பெண்ணின் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தோளில் யாரோ ஒரு சிறிய வானவில் கொடியைச் செருகிவிட்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. ஏதோ ஒரு இணையச் சேனலின் மைக்கோடு ஓர் இளைஞர் அவரை மறித்தார்.

"ஐயா, செருப்ப தூக்கிட்டு நடக்கிறீங்க. இது எதுக்கான அடையாளம்?"

"மேடம் செருப்புங்க," என்றார் பாய்.

"நீங்க எதுக்காக இந்த நடையில கலந்துக்கிட்டீங்க?"

"மேடம காணோம்ங்க!"

இளைஞர் உணர்ச்சிவசப்பட்டு, "காணாமல் போகிறவர்களுக்காக ஒரு குரல்," என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குள் பாய் என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து, காலணிகளை என் முன்னால் தரையில் வைத்தார். நான் போட்டுக்கொண்டேன். பிறகு நிமிர்ந்து, கொடியைப் பார்த்தார், பச்சைப் புடவைக்காரரைப் பார்த்தார், கடைசியாக ரோஸ்லினின் கன்னத்தைப் பார்த்தார்.

"நிச்சயதார்த்தம் இங்கயாமா நடக்குது?" என்றார்.

பக்கத்தில் அந்த ஹெல்மெட் பையன் ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தான். இருபது வயதுகூட இருக்காது. "தைரியம் வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டேன், என் தைரியம் எங்கே போனதென்று தெரியாமல். "இல்லக்கா," என்றான். "மூச்சு முட்டுது."

திரும்பும் வழியில் காரின் பின் இருக்கையில் நானும் ரோஸ்லினும், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப்போல் உட்கார்ந்திருந்தோம். அவள் கைக்குட்டையை எச்சிலில் நனைத்துக் கன்னத்தைத் தேய்த்தாள். நிறங்கள் அழியாமல் கலந்து, கன்னம் முழுக்க அடிபட்டதுபோல் ஆனது. விரிஞ்சிபுரம் பின்னால் போயிற்று. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வந்தது. பாய் வாயைத் திறக்கவில்லை. தெரிந்த நாளிலிருந்து அவர் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

அவர் கைப்பேசி ஒலித்தது. மேலாளர். பாய் ஒலிபெருக்கியில் போட்டார்.

"பாய், மேடம் எங்க? கோயில் போயாச்சா?"

ரோஸ்லின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"போயாச்சு சார்," என்றார் பாய். "கூட்டம் ஜாஸ்தி. ஆனா நல்ல தரிசனம். இப்போதான் கெளம்பி வர்றோம்."

"சரி, பாத்து கூட்டிட்டு வாங்க."

அழைப்பு நின்றது. எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. அவருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. வந்தது என்றால், உடைத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மேடம்? செருப்பு மட்டும் இருக்கு, ஆள் இல்ல. கோயில் கொளத்துல எட்டி எட்டிப் பாத்தேன். ரெண்டு தபா. ஐயர வாசலுக்கு கூப்ட்டு கேட்டா, சுந்தரம் சம்சாரமா, அப்பவே கெளம்பிட்டாங்களேன்றார். யாரு மேடம் சுந்தரம்? எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. அப்பால ஒருத்தர் சொன்னார், செருப்பு இல்லாம ஒரு அம்மா வேலூர் பஸ்ல ஏறிச்சுன்னு. சொல்லியிருந்தா நேரா அங்கயே வண்டிய விட்டிருப்பேன் இல்ல? எவ்ளோ பேஜாரு!"

"பாய்," என்றாள் ரோஸ்லின், "அங்க நாங்க எதுக்குப் போனோம்னு..."

"பாத்தேன்மா. படிச்சேன், போர்டுல எழுதியிருந்தத." ஒரு லாரியை முந்தினார். "எனக்கு இது வெளங்கல. சரின்னும் சொல்ல மாட்டேன். என்கிட்ட கேக்காத. ஆனா என் வண்டில ஏறுனவங்கள பத்தி நான் போயி எவன்கிட்டயும் சொன்னதில்ல. எம்.டி.யோட மச்சான் எங்கெங்க எறங்குறான்னு எனக்குத் தெரியும். சொல்லியிருக்கேனா?"

"அப்பாகிட்ட மட்டும்..."

"உங்கப்பன்கிட்ட நான் பேசி மூணு வருஷம் ஆச்சு. கேரம் ஆடும்போது காயின மறைச்சான்."

ரோஸ்லின் தன் தெரு முனையில் இறங்கினாள். இறங்குமுன் பாய் ஓர் ஈரத் துணியைக் கொடுத்து, கன்னத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்து, "காதுகிட்ட கொஞ்சம் நீலம் இருக்கு," என்று சொல்லி அனுப்பினார்.

வண்டியில் நாங்கள் இருவர்தான். ஒரே நாளில் இவ்வளவு நடந்த பிறகு இன்னொரு பொய்யைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. "பாய், தினமும் போன்ல பேசறது என் அக்கா இல்ல," என்றேன்.

"தெரியும் மேடம்," என்றார், கண்ணாடியில்கூடப் பார்க்காமல். "கூடப் பொறந்தவகிட்ட எவ ஒரு நாளைக்கு பத்து தபா பேசுவா? எனக்கும் ஒரு அக்கா இருக்கா. ரம்ஜானுக்கு ஒண்ணு, பக்ரீத்துக்கு ஒண்ணு."

விடுதி வாசலில் வண்டி நின்றது. பாய் இறங்கிக் கதவைத் திறக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி கேட்டார்.

"எத்தினி வருஷம்?"

"ஒம்பது."

"எனக்கு இருவத்தெட்டு," என்றார். பெருமூச்சு விட்டார். "போகப் போகப் பழகிடும் மேடம்."

அறைக்குப் போய் சுந்தரியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அர்ச்சகர் கதையைக் கேட்டு, "பரவால்ல, உங்கம்மா இத்தன வருஷமா தேடின மாப்பிள்ளய சாமி ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டார்," என்று சிரித்தாள். கொடிக்குக் கீழே ஓடியதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கொப்புளம் இருந்தது. காட்டினேன். கைப்பேசித் திரையில் என் பாதத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் ரோஸ்லின் காதில் பேனாவோடு நின்றாள். காதுக்குப் பக்கத்தில் நீலம் இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் முதல் காலணியை எடுத்தேன். "தையல் வளைஞ்சிருக்கு," என்றேன்.

"நேத்து நேத்தோட போச்சு மேடம்," என்றாள். "இது டாலரன்ஸ்குள்ளதான் இருக்கு."

முன்பைவிடக் காரமாகச் சண்டை போட்டோம். இப்போது அவள் பயப்படுவதில்லை, நானும் மரியாதைக்குச் சிரிப்பதில்லை. மதியம் அவள் கொண்டுவந்த டப்பாவில் பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினாள். சாப்பிடும்போது, மெதுவாக, "ஒம்பது வருஷம் ஒண்ணா... எப்படி மேடம்?" என்று கேட்டாள். அதற்குள் பாய் சொல்லிவிட்டிருக்கிறார். எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றவர், எவளிடம் என்பதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். துணி யார் காயப்போடுவது, அம்மா வரும் நாளில் எந்த அறைக் கதவைச் சாத்துவது, சண்டை வந்தால் யார் முதலில் தேநீர் போடுவது. அவள் சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் ஒரு பெட்டியை மட்டும் திருத்தத்துக்கு அனுப்பிவிட்டு மற்றவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தேன். அந்தப் பெட்டியின் மேலும் ரோஸ்லின் "ஆட்சேபத்துடன்" என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டாள்.

கிளம்பும் நாள் சென்னைக்குப் போகும் வழியில், கேட்காமலே பாய் நெடுஞ்சாலையை விட்டு வண்டியை ஆற்காட்டுக்குள் திருப்பினார். "மக்கன் பேடா வாங்காம இந்தப் பக்கம் எவனும் போக மாட்டான் மேடம். நீங்க எறங்காதீங்க, வெயிலு." எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது, பாகில் ஊறிய பெரிய பெரிய உருண்டைகள். பாய் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்து, ஒவ்வொன்றாக விரல் நீட்டித் தேர்ந்தெடுத்தார். இது வேண்டாம், உடைந்திருக்கிறது. அது வேண்டாம், சின்னது. கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"யாருக்கு பாய் இவ்ளோ பாத்துப் பாத்து? புது ஜோடிக்கா?"

"இல்லப்பா, ஒம்பது வருஷம் ஆச்சாம்," என்றார் பாய். "ஆனாலும் நல்லதா போடு."